துறைமுகப் புனரமைப்புக்கான சுற்றுச்சூழல் ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய துறைமுகத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்றதும் கரையோர மக்களிடம் எழும் சந்தேகங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். சட்டமும் படிவமும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், பதில்கள் பெரும்பாலும் சேறு, அலை, சத்தம், மணல் ஆகியவற்றைப் பற்றியவை.

சுற்றுச்சூழல் ஆய்வு, ஆய்வு என்கிறார்களே, அதில் என்னதான் செய்கிறார்கள்?

முதலில் திட்டத்துக்கு முழு ஆய்வு தேவையா என்று பார்ப்பார்கள். தேவை என்றால் எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று எல்லை வகுப்பார்கள். அடுத்தது, வேலை தொடங்குமுன் அந்த இடம் எப்படி இருக்கிறது என்பதை அளந்து பதிவு செய்வது. இதை அடிப்படை நிலை ஆய்வு என்பார்கள். அதன் பிறகே என்ன பாதிப்பு வரும், எப்படிக் குறைக்கலாம், மாற்று வழி உண்டா என்ற கணிப்புகள். எல்லாம் சேர்ந்து அறிக்கையாகும். பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். அதிகாரம் பெற்ற அமைப்பு நிபந்தனைகளோடு அனுமதிக்கும் அல்லது மறுக்கும்.

இதில் சறுக்கல் அதிகம் நேர்வது அடிப்படை நிலை ஆய்வில்தான். ‘முன்பு எப்படி இருந்தது’ என்ற கணக்கு இல்லாவிட்டால், பிற்பாடு எந்தப் பாதிப்பையும் நிரூபிக்க முடியாது.

துறைமுகம் ஏற்கெனவே அங்கேதானே இருக்கிறது? பழையதைப் புதுப்பிக்க எதற்கு இவ்வளவு ஆய்வு?

புதிய இடத்தைவிடப் பழைய துறைமுகத்தில்தான் கவனம் கூடுதலாகத் தேவை. பல பத்தாண்டுகளாகக் கப்பல் பெயிண்ட், எண்ணெய், நிலக்கரித் தூள், பட்டறைக் கழிவு எல்லாம் அடியில் படிந்திருக்கும். செம்பு, ஈயம், பாதரசம், பிசிபி எனும் நச்சு வேதிப்பொருள் என்று பட்டியல் நீளும். கப்பலின் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் பூசிய டிரைபியூட்டைல்டின் என்ற வேதிப்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே சில வகைப் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்கிறது. சர்வதேசத் தடை 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் காற்றுப் புகாத சேற்றடுக்கில் அது பல ஆண்டுகள் சிதையாமல் கிடக்கும். கிளறாதவரை பெரும்பகுதி அங்கேயே உறங்கும். புனரமைப்பு என்பதே கிளறுவதுதான்.

இடிப்பிலும் சிக்கல் உண்டு. பழைய மரத்தூண்கள், மரம் உளுத்துப்போகாமலிருக்கப் பயன்படும் கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறியவை. அவற்றைப் பிடுங்கினால் சேறும் எண்ணெய்ப் படலமும் எழும். வெட்டினால் அடிக்கட்டை உள்ளேயே தங்கும். எந்தத் தூணுக்கு எது என்று அறிக்கை சொல்ல வேண்டும். பழைய கிடங்குக் கூரைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா என்பதற்குத் தனிக் கணக்கெடுப்பு தேவை.

ஆறு மாதத்தில் முடித்துவிடலாமே, ஏன் இழுக்கிறார்கள்?

அடிப்படை நிலை ஆய்வு ஒரு முழு ஆண்டுச் சுழற்சியையாவது தொட வேண்டும். மழைக்காலத்தில் ஆறு கொண்டுவரும் கலங்கலும், வறண்ட காலத்துத் தெளிநீரும் வெவ்வேறு கடல்கள் மாதிரி. கலங்கலான மாதங்களில் மட்டும் அளந்துவிட்டு, ‘இங்கே தண்ணீர் எப்போதும் கலங்கல்தான்’ என்று எழுதினால் பிறகு எதையும் அனுமதிக்கலாம். மீன்கள் முட்டையிடும் பருவம், வலசைப் பறவைகள் வரும் மாதங்கள், அலை திசை மாறும் காலம் ஆகியவையும் பதிவாக வேண்டும். அறிக்கையைக் கையில் எடுத்ததும் மாதிரி எடுத்த தேதிகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே வாரத்தில் இருந்தால் கேள்வி கேட்க வேண்டியதுதான்.

சேற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அதிரும் குழாயைக் கடலடியில் இறக்கி, நீளமான சேற்றுத் தண்டாக வெளியே எடுப்பார்கள். மேலே இருந்து வாளிபோல் அள்ளும் கருவியும் உண்டு, ஆனால் அது மேல் 10 முதல் 20 சென்டிமீட்டரை மட்டுமே தொடும். இரண்டு மீட்டர் தோண்டப்போகும் இடத்தில் மேற்பரப்பை மட்டும் அள்ளிச் சோதித்தால் பயனில்லை. பழைய விஷம் பெரும்பாலும் கீழ் அடுக்கில்தான். தோண்டி முடித்தபின் புதிதாக வெளித்தெரியப்போகும் அடுக்கையும் சோதிக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழாய் உள்ளே போன நீளமும் வெளியே வந்த தண்டின் நீளமும் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மெதுசேறு அழுந்தியோ வழுக்கியோ குறைந்து வரும்; அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் அடுக்கின் ஆழம் தவறிவிடும்.

எத்தனை இடம் என்பது கன அளவைப் பொறுத்தது. வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஆஸ்பார் கடல் பாதுகாப்பு ஒப்பந்த வழிகாட்டுதலில் 25,000 கன மீட்டர் வரை 3 இடங்கள், அதற்குமேல் 1 லட்சம் வரை 4 முதல் 6, பின் 5 லட்சம் வரை 7 முதல் 15, பின் 20 லட்சம் வரை 16 முதல் 30. ஓர் எடுத்துக்காட்டு: 1,000 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 4 லட்சம் கன மீட்டர். இயந்திரம் கோடு போட்டதுபோல் நிற்காது என்பதால் 0.3 மீட்டர் கூடுதல் ஆழம் அனுமதிப்பது வழக்கம். அதுவே 60,000 கன மீட்டர். பக்கச்சரிவு தனி. அறிக்கையில் 4 லட்சம், ஒப்பந்தத்தில் 4.6 லட்சம் என்றிருந்தால் இந்த இடைவெளி எங்கே போனது என்று கேளுங்கள்.

அறிக்கையில் ‘கலப்பு மாதிரி’ என்று போட்டிருக்கிறதே, அது சரியா?

பல இடங்களின் சேற்றை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாகச் சோதிப்பது அது. ஒரே சீரான மணல் பகுதியில் தவறில்லை. ஆனால் பழைய கப்பல் பழுதுபார்ப்பு மேடைக்கு எதிரே உள்ள சேற்றையும் வெளிக்கால்வாய் மணலையும் கலந்தால் விஷம் காகிதத்தில் கரைந்துவிடும். ஐந்து மாதிரிகளில் ஒன்றில் மட்டும் ஒரு பொருள் வரம்பைப்போல் நான்கு மடங்கு இருந்து, மற்ற நான்கும் சுத்தமாக இருந்தால், கலவை வரம்புக்குள் வந்துவிடும். பட்டறை, எண்ணெய்க் குழாய் முனை, வடிகால் வாய் ஆகியவற்றின் அருகே தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம்: முடிவுகள் உலர் எடையிலா, ஈர எடையிலா? சேற்றில் பாதி தண்ணீர் என்றால் ஈர எடைக் கணக்கில் அளவு பாதியாகத் தெரியும். வரம்புகள் வழக்கமாக உலர் எடைக்கு வகுத்தவை.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

பல நாடுகளில் இரண்டு கோடுகள் உண்டு. கீழ்க்கோட்டுக்கும் குறைவு என்றால் கடலில் கொட்டுவதற்கு வேதியியல் காரணமாகப் பெரிய தடை இல்லை. மேற்கோட்டைத் தாண்டினால் பொதுவாகக் கடலில் கொட்ட விடமாட்டார்கள். இடைப்பட்டதற்கு உயிரிச் சோதனை உள்ளிட்ட கூடுதல் ஆய்வு. இங்கிலாந்தில் நெடுங்காலம் பயன்பட்ட அளவுகளில் பாதரசத்துக்குக் கீழ்க்கோடு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், மேற்கோடு 3 மில்லிகிராம், டிரைபியூட்டைல்டினுக்கு 0.1, 1.

எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. உலோகங்கள் 63 மைக்ரானுக்கும் நுண்ணிய துகளில்தான் அதிகம் ஒட்டும். மணல் கலந்த மாதிரியில் அளவு குறைவாகத் தெரியலாம், அதே இடத்தின் நுண்சேற்றில் அதிகம் இருக்கலாம். எனவே துகள் அளவுப் பகுப்பாய்வு இல்லாத உலோக அட்டவணை அரைகுறை அட்டவணை.

தோண்டிய சேறு எல்லாம் எங்கே போகும்?

மொத்த ஆய்வின் முடிச்சு இந்தக் கேள்விதான். கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1972 லண்டன் ஒப்பந்தமும் அதன் 1996 நெறிமுறையும் தூர்வாரிய பொருளை அனுமதிக்கக்கூடிய வகையில் வைத்திருக்கின்றன. ஆனால் முதலில் வேறு பயன் உண்டா என்று பார்க்கச் சொல்கின்றன. நல்ல மணல் என்றால் அரித்த கரைக்கோ நிலம் நிரப்பவோ உதவும். கெட்ட சேறு என்றால் கரை கட்டிய தேக்கத்தில் அடைக்க வேண்டும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் இதற்கென்றே 1980களில் ‘ஸ்லுஃப்டர்’ என்ற மாபெரும் தேக்கத்தைக் கட்டினார்கள்.

நிலத்துக்குக் கொண்டுவந்தால் லாரிக் கணக்கு போட்டுப் பாருங்கள். 60,000 கன மீட்டருக்கு, ஒரு லாரிக்கு 10 கன மீட்டர் என்றால், 6,000 நடை. தோண்டியதும் சேறு தண்ணீர் ஏறி உப்பும், ஆகவே உண்மையில் இன்னும் கூடும். வடியும் நீர் எங்கே போகிறது என்பதும் முக்கியம். சதுப்புநிலச் சேறு என்றால் இன்னொரு அபாயம் உண்டு: அதிலுள்ள பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றுபட்டதும் கந்தக அமிலமாகும். கருப்பாகக் குவித்த சேறு சில வாரங்களில் மஞ்சள் திட்டுத்திட்டாக மாறினால், அமிலம் ஊறத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். முன்கூட்டியே சோதித்து, சுண்ணாம்பு கலக்கவோ நீருக்கடியிலேயே வைத்திருக்கவோ வேண்டும்.

எந்த இயந்திரத்தில் தோண்டினால் கலங்கல் குறையும்?

ஒரே விடை கிடையாது. உறிஞ்சிச் சேர்க்கும் கப்பல் வேகமானது. ஆனால் தொட்டி நிரம்பியபின் மேல்நீரை வழியவிடுவார்கள். நுண்சேறு அதோடு கடலுக்குத் திரும்பும். கலங்கல் படலத்தின் பெரும்பங்கு இந்த வழிதலில்தான். மாசுபட்ட பகுதியில் வழிதலைத் தடைசெய்வது நியாயமான நிபந்தனை. நடைகள் கூடும், செலவு கூடும், ஒப்பந்ததாரர் முகம் சுளிப்பார்.

கவ்வும் வாளியில் மூடி பொருந்திய வகை உண்டு, கெட்ட சேற்றுக்கு அதையே பரிந்துரைப்பார்கள். பழைய துறைமுகத்தின் அடியில் சங்கிலி, டயர், வடக்கயிறு எல்லாம் கிடக்கும். அதில் ஒன்று வாயில் சிக்கினாலே மூடி முழுதாக மூடாமல் சேறு ஒழுகிக்கொண்டே மேலேறும். எனவே குப்பை அகற்றும் வேலை முதலில் வர வேண்டும். கால அட்டவணையில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

திரை கட்டிவிட்டால் கலங்கல் வெளியே போகாதாமே?

சில்ட் கர்ட்டன் எனப்படும் அந்தத் திரை, நீரோட்டம் விநாடிக்கு அரை மீட்டருக்குள், அதாவது ஒரு நாட் அளவுக்குள், இருந்தால் ஓரளவு வேலை செய்யும். ஒன்றரை நாட் வேகத்தைத் தாண்டினால் பாய்மரம்போல் உப்பி மேலெழும், கீழே எல்லாம் ஓடிவிடும். நல்ல நிலையிலும் அது துகளைக் கீழே படியவைக்கிறதே தவிர, நீரில் கரைந்த விஷத்தைத் தடுப்பதில்லை. படகு போகத் திறக்கும் வாயிலும் ஓட்டைதான். துறைமுக வாயில் ஓதவேகம் (கடல் ஏற்ற இறக்கத்தால் வரும் நீரோட்டத்தின் வேகம்) என்ன என்பது அறிக்கையிலேயே இருக்கும். அந்த எண்ணைத் திரைபற்றிய பக்கத்தோடு ஒப்பிட்டால் போதும்.

கலங்கலை யார் அளப்பது? எந்த அளவுக்குமேல் போனால் வேலையை நிறுத்த வேண்டும்?

பெரும்பாலும் திட்டக்காரர் அமர்த்தும் நிறுவனமே அளக்கும். தரவு நேரடியாகக் கண்காணிப்பு அமைப்புக்கும் போகும்படி நிபந்தனை வைப்பது நல்லது. கருவி ஒளிச்சிதறலை அளந்து என்டியூ என்ற கலங்கல் அலகில் சொல்லும். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் துகள் என்பது வேறு அளவு. இரண்டுக்குமான உறவு அந்தந்த இடத்துச் சேற்றைப் பொறுத்தது, வேறு துறைமுகத்துச் சூத்திரம் செல்லாது.

எச்சரிக்கை, வேகக்குறைப்பு, நிறுத்தம் என மூன்று படி வைப்பார்கள். இயல்பு நிலையைவிட எவ்வளவு கூடுதல் என்பதே அடிப்படை. ஓதம் திசை மாறும் என்பதால் ஒப்பீட்டு நிலையம் இருபுறமும் வேண்டும். சராசரிக் காலத்தையும் கவனியுங்கள்: 15 நிமிடச் சராசரியில் தெரியும் கலங்கல் எழுச்சி, நாள் சராசரியில் மறைந்துவிடும். கரைந்த ஆக்சிஜனையும் சேர்த்து அளக்க வேண்டும். கருஞ்சேறு கிளறப்படும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், அடைபட்ட உள்துறையில் மீன் செத்து மிதப்பதற்கு அதுவே போதும்.

தூர்வாரும்போது மீன் அதிகமாகக் கிடைக்கிறதே, அப்புறம் என்ன பாதிப்பு?

கிளறிய சேற்றிலிருந்து வெளிவரும் புழுவைத் தின்ன மீன் கூடுவது உண்டு. அது விருந்து முடியும்வரைதான். அடித்தள உயிர்கள் திரும்பிவர, கழிமுகச் சேற்றில் ஆறு முதல் எட்டு மாதம், மணலும் சரளையும் உள்ள இடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவது வழக்கம். முதலில் வருபவை வேகமாகப் பெருகும் சிறு புழுக்கள். சிப்பியும் பெரிய புழுக்களும் பிந்தியே வரும். ஆண்டுதோறும் பராமரிப்புத் தூர்வாரல் நடக்கும் கால்வாயில் அந்த இரண்டாம் கட்டம் வராமலே போகலாம்.

கடற்புல்லை வேறு இடத்தில் நட்டுத் தருகிறோம் என்கிறார்களே, நம்பலாமா?

கடற்புல்லுக்குச் சராசரியாக மேற்பரப்பு ஒளியில் 11 சதவீதமாவது தேவை. நடப்போகும் இடத்தில் இன்று புல் இல்லையென்றால் ஏன் இல்லை என்று முதலில் கேட்க வேண்டும். ஒளி போதாமையோ அலையடிப்போ காரணமென்றால் நட்டதும் அதே காரணத்தால் அழியும். அழிப்பதற்கு முன்பே நட்டு, பல ஆண்டு பிழைப்பு விகிதத்தைக் காட்டச் சொல்வதுதான் முறை.

பைல் எனும் அடித்தூண்களை அடித்து இறக்கும் சத்தம் 160 டெசிபலாம். அது ஜெட் விமானத்தைவிட அதிகமில்லையா?

நேராக ஒப்பிட முடியாது. டெசிபலைக் கணக்கிட ஒப்பிடும் அழுத்தம் நீரில் 1 மைக்ரோபாஸ்கல், காற்றில் 20. இதிலேயே 26 டெசிபல் வித்தியாசம். நீரின் அடர்த்தியும் ஒலிவேகமும் சேர்ந்து மேலும் ஏறக்குறைய 36. ஆக, ஒரே ஒலிச்செறிவுக்கு நீரில் 62 அளவு கூடுதலாக எண் வரும். அதற்காக ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. நீரில் ஒலி வெகுதூரம் போகும். எந்த டெசிபல் எண்ணுக்கும் தூரமும் அளவு வகையும் சேர்ந்திருக்க வேண்டும். ஜெர்மனி கடல் காற்றாலைப் பைல்களுக்கு 750 மீட்டரில், ஒரு சுத்தியல் அடியின் ஒலி ஆற்றல் அளவு 160, உச்சம் 190 என்று வரம்பு வைத்திருக்கிறது.

பிரிட்டன் வழிகாட்டுதலில் அடிக்கத் தொடங்குமுன் 30 நிமிடம் 500 மீட்டர் ஆரத்துக்குள் டால்பின் போன்றவை உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு குறைந்தது 20 நிமிடம் மெல்ல மெல்ல வலுவைக் கூட்ட வேண்டும். குமிழித் திரை சுமார் 10 டெசிபல் குறைக்கும், அதாவது ஆற்றல் பத்தில் ஒன்றாகும். ஓட்டம் வேகமானால் குமிழிகள் பைலை விட்டு நகர்ந்து பலன் போய்விடும். அதிர்வுச் சுத்தியல் அமைதியானது, எனினும் தாங்குதிறன் சோதிக்கக் கடைசிச் சில அடிகள் பெரும்பாலும் அடித்தே ஆக வேண்டியிருக்கும்.

அலைதடுப்புச் சுவரைக் கொஞ்சம்தானே நீட்டுகிறார்கள், அதற்கா கரை அரிக்கும்?

அரிக்கும். கரையோரம் மணல் ஓடிக்கொண்டே இருக்கும். சுவர் அதை மறிக்கும். ஒருபக்கம் மணல் மேடு, மறுபக்கம் அரிப்பு. கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் 1920களின் இறுதியில் சுவர் கட்டினார்கள். மேற்கே மணல் குவிந்து துறைமுக வாயையும் அடைக்கத் தொடங்கியது, கிழக்கே கடற்கரைகள் தேய்ந்தன. 1930களிலிருந்து மணலை அள்ளிக் கிழக்கே சேர்க்க வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் குழாய் வழியாக மணலை மறுபக்கம் இறைக்கிறார்கள், ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். சுவரைவிட இந்தத் தொடர்செலவுதான் பெரிது. அது யார் தலையில் என்று அனுமதியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

‘நிகர மணல் ஓட்டம் குறைவு’ என்ற வரியில் ஏமாறாதீர்கள். வடக்கே 3 லட்சம், தெற்கே 2.5 லட்சம் என்றால் நிகரம் 50,000தான். ஆனால் பள்ளமான கால்வாய் இரு திசையிலும் வருவதைப் பிடித்துக்கொள்ளும். மொத்த ஓட்டத்தைக் கேளுங்கள். கணினிக் கணிப்பு மாதிரி என்றால், சரிசெய்யப் பயன்படுத்திய தரவு வேறு, சோதித்த தரவு வேறு என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கப்பல் கூடினால் புகையும் கூடுமே?

கூடும். உலகளவில் எரிபொருளின் கந்தக வரம்பு 2020 ஜனவரி 1 முதல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைந்தது. கட்டுப்பாட்டு மண்டலங்களில் 0.1. நின்றிருக்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் தருவது உள்ளூருக்கு உடனடிப் பலன் தரும். பிறகு பார்க்கலாம் என்றால் கப்பல் அணையும் மேடையை மறுபடி உடைக்க வேண்டியிருக்கும். ஆகவே கேபிள் குழாயும் துணைமின் நிலைய இடமும் இப்போதே வரைபடத்தில் வேண்டும்.

வெளிநாட்டு உயிரினங்கள் வருமா?

கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் பாலாஸ்ட் நீரோடு அவை வரலாம்; அதைக் கட்டுப்படுத்தும் பாலாஸ்ட் நீர் ஒப்பந்தம் 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறையில் உள்ளது. பலரும் மறப்பது, தூர்வாரும் கப்பலே வேறு துறைமுகத்துச் சேற்றைத் தொட்டியிலும் உடலிலும் சுமந்து வரலாம் என்பதை. வருமுன் கழுவிச் சான்று காட்டச் சொல்லும் நிபந்தனை மலிவானது.

கடல் மட்டம் உயர்வதைக் கணக்கில் எடுக்கிறார்களா?

எடுக்க வேண்டும். 1901 முதல் 2018 வரை உலகச் சராசரி உயர்வு 20 சென்டிமீட்டர். 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். உள்ளூர் நிலம் தாழ்ந்தால் அதையும் கூட்ட வேண்டும். மேடையை மட்டும் உயர்த்தினால் பின்னாலுள்ள தெருக்களின் மழைநீர் வடிய வழியில்லாமல் தேங்கும். மேடை உயரத்தையும் வடிகால் வாயின் உயரத்தையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரே திட்டத்தை மூன்றாகப் பிரித்து மூன்று சிறிய அனுமதி வாங்கலாமா?

வாங்க முயல்வார்கள். கால்வாய் ஆழப்படுத்தல், மேடை, சாலை என்று பிரித்தால் ஒவ்வொன்றும் வரம்புக்குக் கீழே நிற்கும். ஒன்றில்லாமல் மற்றொன்றுக்குப் பயனில்லை என்றால் அது ஒரே திட்டம். நீருக்குள் 14 மீட்டர் அமிழும் கப்பலுக்கு மேடை கட்டிவிட்டு 12 மீட்டர் கால்வாய்க்கு மட்டும் அனுமதி கேட்டால், அடுத்த விண்ணப்பம் தயாராக இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

கருத்துக்கேட்பில் என்ன கேட்டால் பயன்?

அவகாசம் குறைவு: ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது 30 நாள், இலங்கையில் 30 வேலை நாள். எனவே பிற்சேர்க்கையிலிருந்து தொடங்குங்கள். எழுத்தில், பக்க எண்ணோடு கேளுங்கள். ‘கடல் கெடும்’ என்றால் ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்ற பதில் வரும். ‘4ஆம் எண் குழாய் மாதிரி 1.2 மீட்டரோடு நின்றுவிட்டது, அங்கே தோண்டும் ஆழம் 2.3, மீதிக்கு முடிவு எங்கே?’ என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அனுமதி கொடுத்தாயிற்று, மாத அறிக்கையில் எல்லாமே ‘வரம்புக்குள்’. நம்பலாமா?

தூர்வாரிய நாட்களின் பட்டியலையும் கலங்கல் தரவையும் பக்கத்தில் வையுங்கள். வேலை நடந்த நாளில் கருவி பழுது என்றால் அந்த நாள் ‘வரம்புக்குள்’ அல்ல, அளக்காத நாள். கோடு மணிக்கணக்கில் அசையாமல் ஒரே எண்ணில் நின்றால் உணரியில் பாசி படிந்திருக்கலாம் அல்லது அது அடைபட்டிருக்கலாம். துடைத்த தேதி பதிவேட்டில் இருக்கும். அடுத்து, தோண்டியதாகச் சொல்லும் அளவை முன்பின் ஆழ அளவைப் படங்களோடும், கொட்டுமிடத்துக்குப் போன கப்பலின் இருப்பிடப் பதிவோடும் ஒப்பிடுங்கள். கொட்டுமிடம் வரை போய்வர மூன்று மணி நேரம் ஆகும் என்றிருக்க, ஒரு மணி நேரத்தில் கப்பல் திரும்பியிருந்தால், சேறு வழியிலேயே இறங்கியிருக்கிறது.